இதயமும் கெண்டைக்காலும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலை நெய்யப்படும் குழித்தறியில், நெசவாளர் ஏறக்குறைய தரைமட்டத்தில் அமர்ந்து, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியைக் குழிக்குள் இறக்கி, கைகளால் நாடாவை ஓட்டியும் பாதங்களால் மிதிபலகைகளை மாற்றி மாற்றி அழுத்தியும் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறார். இந்த இருக்கையில் அவருடைய இதயத்துக்கும் பாதத்துக்கும் இடையே முக்கால் மீட்டருக்கும் மேற்பட்ட உயர வேறுபாடு இருப்பதால், கணுக்காலில் உள்ள ரத்தக் குழாய்கள், இதயம் கொடுக்கும் அழுத்தத்தோடு, அத்தனை உயரமுள்ள ரத்தத்தின் எடையையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. இதயத்திலிருந்து ரத்தம் எப்படிப் புறப்படுகிறது என்பதை விளக்கும் நூல்கள் பல; அது பாதத்திலிருந்து எப்படித் திரும்புகிறது என்பதோ பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது. சுற்றோட்டத்தை இதயம் ஒன்றே நடத்துகிறது என்ற பொதுவான எண்ணம் அந்த ஒற்றை வரியால் வந்த பிழை. திரும்பும் பயணத்தில் காலின் தசைக்கும் சிரைகளின் உட்சுவருக்கும் மூச்சுக்கும் உள்ள பங்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதயத்தின் அமைப்பே முழுமையாக விளங்கும்.

இதயம் மார்பெலும்புக்குப் பின்னால், இரு நுரையீரல்களுக்கும் நடுவே, மூன்றில் இரண்டு பங்கு உடலின் நடுக்கோட்டுக்கு இடப்புறம் சாய்ந்து அமைந்திருக்கிறது. அவரவர் கைமுட்டியின் அளவே உள்ள இந்த உறுப்பு, வளர்ந்தவர்களில் சுமார் 250 முதல் 350 கிராம் வரை எடை கொண்டது. இதைச் சுற்றியுள்ள இரட்டை உறையின் நடுவே இருக்கும் சிறிதளவு திரவம், இதயம் சுருங்கி விரியும்போது உராய்வு ஏற்படாமல் பார்த்துக்கொள்கிறது. உள்ளே நான்கு அறைகள்: திரும்பி வரும் ரத்தத்தை வாங்கிக்கொள்ளும் இரண்டு மேலறைகளும், அதை வெளியே தள்ளும் இரண்டு கீழறைகளும். வலப்பாதி உடல் முழுவதிலிருந்தும் வந்த, ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்ப, இடப்பாதி நுரையீரலிலிருந்து வந்த ரத்தத்தை உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. எனவே ஒரே உறையில் இருந்தாலும் இவை தொழிலால் இரண்டு பம்புகள். ஒரு துடிப்பில் இரண்டும் வெளியேற்றும் அளவு ஒன்றே, சுமார் 70 மில்லிலிட்டர். ஆனால் அருகிலேயே உள்ள நுரையீரலுக்கு அனுப்ப வலக் கீழறைக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். தலை முதல் பாதம் வரை அனுப்ப வேண்டிய இடக் கீழறைக்கோ சுமார் 120 தேவைப்படுகிறது. இடக் கீழறையின் சுவர் வலக் கீழறையின் சுவரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடித்திருப்பதற்கு இதுவே காரணம். நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்று கொண்டால், ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர், அதாவது உடலில் உள்ள மொத்த ரத்தத்துக்கு இணையான அளவை, ஒருமுறை சுற்றவிடுகிறது.

ரத்தம் ஒரே திசையில் செல்வதை உறுதிசெய்பவை நான்கு வால்வுகள். வலப்புறத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மூவிதழ் வால்வும், இடப்புறத்தில் ஈரிதழ் வால்வும், கீழறைகளிலிருந்து வெளியேறும் இரு பெருங்குழாய்களின் வாயில் பிறை வடிவ வால்வுகளும் உள்ளன. மருத்துவர் குழலை வைத்துக் கேட்கும் லப் என்னும் ஒலி முதல் இரண்டும் மூடுவதால் எழுவது. டப் என்னும் ஒலி பின்னிரண்டும் மூடுவதால் எழுவது. நெருக்கமான குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கிடையே எளிதில் பரவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண், சரியாகக் கவனிக்கப்படாவிட்டால், சிலரில் ருமாட்டிக் காய்ச்சலாக மாறி, ஆண்டுகள் கழித்து ஈரிதழ் வால்வைச் சுருக்கிவிடுகிறது. பணக்கார நாடுகளில் அரிதாகிவிட்ட இந்நோய் இந்தியாவில் இன்னும் ஓயவில்லை. வெளிநாட்டு வால்வுகளின் விலை எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கப்பட்ட செயற்கை வால்வு, பல மாதிரிகள் தோற்ற பிறகு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இதயத் தசைக்கு வெளியிலிருந்து கட்டளை வர வேண்டியதில்லை என்பது அதன் தனிச்சிறப்பு. வல மேலறையின் சுவரில், 1907-இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் கண்டறிந்த சைனஸ் கணு என்னும் சிறு திசுத்திரள் தானாகவே மின்தூண்டலை எழுப்ப, அது மேலறைகளில் பரவி, அறைகளுக்கு இடையிலுள்ள மற்றொரு கணுவில் சுமார் பத்தில் ஒரு பங்கு வினாடி தாமதித்து, பிறகு கீழறைகளுக்குள் இறங்குகிறது. மேலறைகள் தம்மிடம் உள்ளதைக் கீழறைகளில் இறைத்து முடிக்க இந்தத் தாமதமே நேரம் தருகிறது. மூளையிலிருந்து வரும் நரம்புகள் துடிப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றனவேயன்றித் துடிப்பை உண்டாக்குவதில்லை.

இடக் கீழறையிலிருந்து புறப்படும் பெருந்தமனி, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளது. அதன் சுவரில் மீள்தன்மையுள்ள நார்கள் நிறைந்திருப்பதால், கீழறை சுருங்கும்போது அது விரிந்து ரத்தத்தின் ஒரு பகுதியைத் தாங்கிவைத்து, கீழறை ஓய்வெடுக்கும்போது மெல்லச் சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே ஓட்டம் நின்றுவிடாமல் இருப்பது இந்தச் சுவரின் வேலை. ரத்த அழுத்தத்தை இரண்டு எண்களால் குறிப்பது இதனால்தான்: 120/80 என்பதில் முன்னது இதயம் சுருங்கும்போதும், பின்னது அது தளரும்போதும் தமனியில் உள்ள அழுத்தம். வயதாலும் உப்பாலும் நீரிழிவாலும் புகையாலும் சுவர் விறைத்துப்போனால் அழுத்தம் 140/90-ஐத் தாண்டி நிலைத்துவிட, அதை எதிர்த்துத் தள்ளும் இடக் கீழறை முதலில் தடித்து, பிறகு களைத்துவிடுகிறது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துச் சித்த மருத்துவர்கள் நாடி பார்க்கும் அதே தமனி வழியாகத்தான், இன்றைய இதயநோய் நிபுணர்கள் மெல்லிய குழலைச் செலுத்தி இதயத்தின் தமனிகளைப் படம்பிடிக்கிறார்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பின் மேல் ஓடுவதால், விரலுக்கும் ஊசிக்கும் அது ஒருங்கே அகப்படுகிறது.

தமனிகள் கிளைத்துக் கிளைத்து நுண்தமனிகளாகி, இறுதியில் தந்துகிகளாகின்றன. தந்துகியின் சுவர் ஒற்றை உயிரணுவின் தடிமனே உள்ளது. அதன் குறுக்களவு சிவப்பணுவின் அளவை ஒத்திருப்பதால், சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சில இடங்களில் உடலை வளைத்துக்கொண்டுதான் நுழைய முடிகிறது. பெருந்தமனியில் வினாடிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில் ஓடிய ரத்தம் இங்கே வினாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஊர்கிறது. ஆக்சிஜனும் உணவும் இறங்கவும் கழிவு ஏறவும் அந்த நிதானம் வேண்டும். இக்குழாய்களையெல்லாம் நீட்டிவைத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும் என்று திரும்பத் திரும்ப எழுதப்படுவது, டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக், தசைப்பொருள் மிகுந்த ஒரு மனிதனை மனத்தில் கொண்டு நூறாண்டுகளுக்கு முன் போட்ட கணக்கு. பிந்தைய மதிப்பீடுகள் அதில் சிறு பங்கையே காட்டுகின்றன. பெரிய எண்ணுக்கு இருக்கும் கவர்ச்சி அதை இன்னும் வாழவைத்திருக்கிறது.

தந்துகிகளைத் தாண்டியதும் ரத்தத்திடம் எஞ்சியிருப்பது சுமார் 15 மில்லிமீட்டர் அழுத்தமே. அங்கிருந்து அதை வாங்கிக்கொள்ளும் சிரைகள் மெல்லிய, தளர்ந்த சுவர் கொண்டவை. உடலின் ரத்தத்தில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் எந்நேரமும் அவற்றில்தான் இருக்கிறது. படுத்திருப்பவருக்கு எஞ்சிய அழுத்தமே திரும்பப் போதும். எழுந்து அசையாமல் நிற்பவருக்கும் ரத்தம் திரும்பாமல் போய்விடுவதில்லை. ஆனால் அதற்குள் கால்களின் சிரைகள் விரிந்து சுமார் அரை லிட்டர் ரத்தத்தைத் தேக்கிக்கொள்ள, கணுக்காலின் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் வரை ஏறுகிறது. இதயத்துக்கு வந்துசேரும் ரத்தம் குறைந்தால் அது வெளியேற்றுவதும் குறையும். வராததை எந்த இதயமும் அனுப்ப முடியாது. அணிவகுப்பில் நெடுநேரம் விறைத்து நிற்கும் திடகாத்திரமான இளைஞர்கள் மயங்கி விழுவது இதயக் கோளாறால் அன்று.

சிரைகளுக்குள் சட்டைப்பைகளைப் போல மேல்நோக்கித் திறந்த சிறு மடிப்புகள் இருப்பதை, இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ் 1603-இல் படங்களுடன் வெளியிட்டார். ஆனால் ரத்தம் கல்லீரலிலிருந்து சிரைகள் வழியாக வெளியே போகிறது என்ற பழைய கொள்கையை விடாத அவர், ரத்தம் கால்களில் மிகையாக இறங்காமல் தடுப்பதே அவற்றின் வேலை என்று கருதினார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி அதே மடிப்புகளைப் பார்த்துவிட்டு நேர்மாறான முடிவுக்கு வந்தார்: அவை இதயத்தை நோக்கிய ஓட்டத்துக்கு மட்டுமே வழிவிடுகின்றன. அதோடு, இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் அளவைக் குறைத்தே மதிப்பிட்டு, துடிப்பின் எண்ணிக்கையால் பெருக்கி, அரைமணி நேரத்தில் வெளியேறும் ரத்தம் உடலில் உள்ள மொத்தத்தையும் மிஞ்சிவிடுவதைக் காட்டி, அது சுற்றித்தான் வர வேண்டும் என்று 1628-இல் நிறுவினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் குழாய்களை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அவற்றை 1661-இல் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாகக் கண்டவர் மால்பிகி. வலப்பாதியிலிருந்து ரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பாதிக்குச் செல்கிறது என்பதை இவர்கள் எல்லோருக்கும் முன்பே, பதின்மூன்றாம் நூற்றாண்டில், இப்னு நஃபீஸ் எழுதிவைத்திருந்தார்.

மடிப்புகள் பின்னடைவைத் தடுக்கும்; முன்னே தள்ளாது. தள்ளும் வேலை கெண்டைக்காலுடையது. அங்குள்ள தசைகளுக்கு உள்ளேயே, குறிப்பாகக் குதிகாலோடு இணையும் சோலியஸ் தசைக்குள், அகன்ற சிரைப் பைகள் உள்ளன. பாதத்தின் முன்பகுதி கீழே அழுந்தும்போது அத்தசை சுருங்கி, இறுகிய உறைக்குள் இருக்கும் அப்பைகளைப் பிழிய, ரத்தம் மேல்நோக்கிப் பாய்கிறது. தசை தளரும்போது மேலுள்ள மடிப்புகள் மூடிக்கொள்ள, காலியான பைகள் அடியிலிருந்தும் தோலடிச் சிரைகளிலிருந்தும் ரத்தத்தை இழுத்துக்கொள்கின்றன. நடக்கும் ஒருவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் 90-இலிருந்து ஏறக்குறைய 30 வரை இறங்கிவிடுவது இந்தப் பிழிவால்தான். ஒவ்வொரு மூச்சிழுப்பிலும் மார்புக்குள் அழுத்தம் குறைந்து வயிற்றுக்குள் கூடுவதால், மேலே வந்த ரத்தம் வல மேலறையை நோக்கி இழுக்கப்படுவது இதன் அடுத்த படி. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுவதில் மிகை குறைவு.

குழித்தறி இந்தக் கண்ணோட்டத்தில் இருவேறு முகங்கள் கொண்டது. இடுப்பும் முழங்காலும் மடிந்திருப்பதாலும், குழியின் விளிம்பில் தொடையின் அடிப்பகுதி அழுந்துவதாலும், அவ்வழியே ஏறும் சிரைகள் நெருக்கப்படுகின்றன. அதே சமயம், பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து ஊடைக்கு வழிவிட மிதிபலகையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கணுக்கால் வளைந்து கெண்டைத்தசை ஓரளவு இயங்குகிறது. நாற்காலியில் அமர்ந்து கோப்பு பார்ப்பவருக்குக் கிடைக்காத ஒரு பிழிவு நெசவாளருக்குத் தொழிலின் பகுதியாகவே கிடைக்கிறது. ஆனால் உடலின் எடை காலின் மேல் இறங்காததால் அது நடையின் பிழிவுக்கு ஈடாகாது. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி இணைக்கும் கோர்வைச் சேலையில், கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க அருகில் அமரும் உதவியாளருக்கோ மிதியில் வேலை இல்லை. ஒரே தறியில், ஒரே நேரம் உட்காரும் இருவரில் அவருடைய கால்களே அதிகம் அசைவற்றிருக்கின்றன. வேலையின் கடுமையைக் கைகளை வைத்தே அளக்கும் வழக்கத்தில் இது கண்ணில் படுவதில்லை.

சிரைகள் ஆண்டுக்கணக்கில் விரிந்தபடியே இருந்தால் மடிப்புகளின் ஓரங்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகிவிடும். மேலேறியது கீழே வழியும். தோலடிச் சிரைகள் புடைத்து நெளியும். மக்கள் நரம்புச் சுருட்டு என்று சொல்லும் இந்நிலையில் மாலையில் கால் கனப்பதும் கணுக்கால் வீங்குவதும், பின்னாளில் தோல் கறுத்துப் புண்ணாவதும் உண்டு. குடும்ப வழியும் மகப்பேறும் உடற்பருமனும் இதில் பெரும்பங்கு வகிப்பதால், இதை உட்கார்ந்து அல்லது நின்று செய்யும் தொழிலின் மேல் மட்டும் சுமத்துவது சரியாகாது. இதைவிட ஆபத்தானது, தேங்கிய ரத்தம் காலின் ஆழ்சிரைக்குள்ளேயே உறைவது. 1940-இல் லண்டன் மீது குண்டு வீசப்பட்ட இரவுகளில், பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் விடியும்வரை அமர்ந்திருந்தவர்கள் சிலர் திடீரென்று இறந்ததை ஆராய்ந்த கீத் சிம்ப்சன், நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடியில் அழுந்தியதால் காலில் உண்டான உறைகட்டி, வல இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனியை அடைத்திருந்ததைக் கண்டறிந்தார். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் தோன்றினாலோ, அதைத் தொடர்ந்து மூச்சுத்திணறல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது என்பதற்கு உடற்கூறு சொல்லும் காரணம் இந்தப் பாதையே.

அசைவின் பயன் சிரைகளோடு நிற்பதில்லை. ஜெர்ரி மோரிஸ் 1953-இல் வெளியிட்ட ஆய்வு, லண்டனின் மாடிப் பேருந்துகளில் நாள்முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாக வந்ததைக் காட்டியது. நேர்மையான அந்த ஆய்வாளரே பின்னர், வேலையில் சேரும்போதே ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்ததையும் எடுத்துக்காட்டி, இருக்கை ஒன்றே காரணமாகாது என்று எச்சரித்தார். பெருந்தமனியின் அடியிலிருந்தே கிளைத்து இதயத் தசைக்கு உணவூட்டும் கரோனரி தமனிகள் இரண்டு. இதயத்தின் அறைகளில் ரத்தம் நிறைந்திருந்தும் தசை அதிலிருந்து நேரடியாகப் பெறுவது சொற்பமே. தன் வழியே செல்லும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனில் ஓய்விலேயே எழுபது விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் இத்தசைக்கு, கூடுதல் தேவை வந்தால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். கொழுப்புப் படிவால் குறுகிய தமனி அதற்கு இடங்கொடுக்காதபோது மார்பு வலி வருகிறது. படிவு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்து வழி அடைபட்டால் மாரடைப்பு. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் குடும்பத்தில், ரத்த அழுத்த மாத்திரைக்காக ஒரு பகல் தறியை நிறுத்துவது எளிய முடிவு அன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அம்மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோனதன் அருமை இத்தகைய தெருக்களில்தான் கூடுதலாகத் தெரியும். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் அளவு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கப்பட்டு, பிறகு அவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்.

அடைபட்ட தமனியைச் சுற்றி மாற்றுவழி அமைக்கலாம் என்ற எண்ணத்துக்கு முன்பு, ரத்தக் குழாயைத் தைக்க முடியும் என்பது நிரூபிக்கப்பட வேண்டியிருந்தது. அது நடந்த ஊரும் ஒரு பட்டு நகரமே. பிரான்சின் லியோன் நகரில் 1894-இல் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டு, ஈரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அறுந்து இறந்தபோது, அறுந்த குழாயை ஒட்டுப்போட வழியில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். அதே நகரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் காரெல், அங்கிருந்த ஒரு பூத்தையல் கலைஞரான லெருதியே அம்மையாரிடம் மெல்லிய ஊசியையும் பட்டிழையையும் கையாளக் கற்று, இழையில் வாசலின் தடவி, வட்டமான குழாய்வாயை மூன்று புள்ளிகளில் இழுத்து முக்கோணமாக்கி, நேர்கோடாகிவிட்ட ஓரங்களைத் தைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். குழாயின் உட்பரப்பில் சொரசொரப்பு சிறிதிருந்தாலும் ரத்தம் அங்கே உறைந்துவிடும் என்பதால், இழையின் மென்மையும் கையின் நுட்பமும் இதில் உயிர்நாடி. இதற்காக அவருக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. காஞ்சிபுரத்துத் தறிகளின் மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி பிறந்த ஊரும் லியோன்தான்.

ரெனே ஃபாவலோரோ 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செம்மைப்படுத்திய கரோனரி பைபாஸ் அறுவையை, இந்தியாவில் முதன்முதலாக 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்தார். மாற்றுவழிக்குப் பெரிதும் பயன்பட்டது, கணுக்காலின் உட்பக்கத்திலிருந்து தொடையிடுக்கு வரை தோலுக்கு அடியில் ஓடும் நீண்ட சிரை. அதை எடுத்த திசையிலேயே பொருத்தினால், ஃபாப்ரிசியஸ் வரைந்த அதே மடிப்புகள் தமனி ரத்தத்தைத் தடுத்து நிறுத்திவிடும். ஆகவே அறுவை மருத்துவர் அதைத் தலைகீழாகத் திருப்பி, கணுக்கால் பக்கத்து முனையைப் பெருந்தமனியிலும் தொடைப் பக்கத்து முனையை அடைப்புக்கு அப்பாலும் தைக்கிறார். தமனியின் துடிக்கும் அழுத்தத்துக்கு ஆட்பட்ட சிரை மெல்லத் தடித்துக் குறுகுவதால், பத்தாண்டுகளில் இத்தகைய இணைப்புகளில் பாதியளவு கெட்டுவிடுகிறது. மார்பெலும்பின் உட்புறம் ஓடும் தமனியைத் திருப்பி இணைத்தால் பத்தில் ஒன்பது அதே காலத்துக்குப் பிறகும் திறந்திருக்கிறது. முக்கியமான இடக் கிளைக்கு மார்புத் தமனி, மற்றக் கிளைகளுக்குக் கால் சிரை என்பது இன்றைய வழக்கம். சிரையை இழந்த கால், ரத்தத்தின் பெரும்பகுதியை எப்போதும் ஆழ்சிரைகள் வழியே அனுப்புவதால், சில வாரம் வீங்கினாலும் தன் வேலையைச் செய்துகொள்கிறது. அவ்வாரங்களில் கட்டிலில் கிடக்கும் நோயாளியைப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லிச் செவிலியர் மணிக்கொருமுறை நினைவூட்டுகிறார்கள்.